எறியும் கைக்கு ஏற்ற சர்ஜன்: முழங்கை லிகமெண்ட் கிழிந்தவர்கள் டாக்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

முழங்கையின் உள்பக்க லிகமெண்ட் (எலும்பை எலும்போடு கட்டும் நார்) கிழிந்துபோனாலும் பெரும்பாலானவர்களுக்கு அன்றாட வேலையில் ஒரு குறையும் தெரியாது. பை தூக்கலாம், வண்டி ஓட்டலாம், பலர் தண்டால்கூட எடுப்பார்கள். கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் முழு வேகத்தில் எதையாவது எறியும்போதுதான் அந்த லிகமெண்ட் இல்லாதது தெரியவரும். ஆகவே இதைப் புதிதாகக் கட்டிக்கொடுக்கும் ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் சிறிய கூட்டம்தான்: பேஸ்பாலில் பந்தெறியும் பிட்சர்கள், ஈட்டி எறிபவர்கள், ஹேண்ட்பால் ஆடுபவர்கள், அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையால் வீசும் குவார்ட்டர்பேக்குகள், எப்போதாவது எல்லைக்கோட்டிலிருந்து பந்தை வீசும் கிரிக்கெட் ஃபீல்டர்கள்.

கூட்டம் சிறியது என்பதால் ஒரு சங்கடம் இருக்கிறது. உங்கள் பக்கத்து மருத்துவமனை எலும்பு டாக்டர் முழங்கால் ஆபரேஷனில் கைதேர்ந்தவராக இருக்கலாம், கைராசிக்காரர் என்று எல்லோரும் சொல்லலாம். ஆனாலும் இந்த ஒரு ஆபரேஷனை அவர் பயிற்சிக் காலத்தில் பார்த்ததோடு சரி என்றிருக்கலாம். அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை, நோயாளிகள் வந்தால்தானே கை பழகும். எறிபவர்களைத் தினமும் பார்க்கும் சர்ஜனைத் தேடிப் பிடிக்க வேண்டிய வேலை உங்களுடையது. அதை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆபரேஷனைப் பற்றி முதலில் கொஞ்சம்

பேஸ்பால் பிட்சர் பந்தை வீசும் கணத்தில் முழங்கையின் மேல் ஏறும் திருகுவிசை 64 நியூட்டன் மீட்டர் அளவுக்குப் போகிறது என்று ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். இறந்தவர்களின் முழங்கையை வைத்துச் சோதித்தபோது இந்த லிகமெண்ட் தனியாகத் தாங்கியது ஏறக்குறைய அதில் பாதியைத்தான். மிச்சத்தை முன்கைத் தசைகளும் எலும்பின் அமைப்பும் பங்குபோட்டுக்கொள்கின்றன. தசை களைத்தால் லிகமெண்டின் பங்கு கூடும். பல வருஷம் இப்படி நைந்து, ஒருநாள் அறுந்துபோகும்.

1974 செப்டம்பர் 25 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் அணியின் இடதுகை பிட்சர் டாமி ஜானுக்கு இந்த ஆபரேஷனை முதன்முதலில் செய்தார். வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளைபோட்டு, அதன் வழியே கோத்துக் கட்டினார். திரும்ப ஆடும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றுதான் சொல்லியிருந்தார். பக்கத்தில் ஓடும் அல்நார் நரம்பு செயலிழந்துபோனதால் இரண்டாவது ஆபரேஷனும் தேவைப்பட்டது. 1976ல் களத்துக்குத் திரும்பிய டாமி ஜான், அதற்குப் பிறகு மட்டும் 164 ஆட்டங்களை வென்றார். அன்றிலிருந்து ஆபரேஷனுக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. சர்ஜனிடம் ‘டாமி ஜான்’ என்றாலே போதும், புரிந்துகொள்வார்.

இன்றைக்கு இதில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, வேறு இடத்துத் தசைநாணை வைத்துப் புது லிகமெண்ட் கட்டுவது. இன்னொன்று, கிழிந்த லிகமெண்டையே எலும்போடு தைத்து, அதன்மேல் பட்டையான ஒரு நாடாவைக் காவலுக்கு வைப்பது. இதை இன்டர்னல் பிரேஸ் என்கிறார்கள். அலபாமாவின் பர்மிங்ஹாமில் டாக்டர் ஜெஃப்ரி டூகஸ் 2013ல் இதைத் தொடங்கினார். 2019ல் அவர் குழு வெளியிட்ட 111 பேரின் கணக்கில் 92 சதவீதத்தினர் பழைய நிலைக்கோ அதற்கு மேலோ திரும்பினார்கள், சராசரியாக 6.7 மாதத்தில். புது லிகமெண்ட் கட்டினால் ஒரு வருஷம், பிட்சராக இருந்தால் பெரும்பாலும் அதற்கும் மேலே.

இந்த எண்களைப் பார்த்ததும் ‘எனக்குத் தைத்தால் போதும்’ என்று தோன்றும். லிகமெண்ட் ஒரு முனையில் மட்டும் பிய்ந்து, மீதி நல்ல தரத்தில் இருந்தால்தான் தைக்க முடியும். வருஷக்கணக்கில் நைந்துபோன லிகமெண்டில் தையல் நிற்காது. எதைச் செய்வது என்று சில சமயம் திறந்து பார்த்த பிறகுதான் முடிவாகும். ஆகவே இரண்டையும் செய்யத் தெரிந்த சர்ஜன் தேவை. ஒன்றை மட்டுமே செய்பவர் எல்லோருக்கும் அதையேதான் சிபாரிசு செய்வார்.

படி 1: கிழிந்தது லிகமெண்ட்தானா?

உள்பக்க முழங்கை வலிக்கெல்லாம் லிகமெண்ட் காரணமில்லை. முன்கைத் தசை இழுத்துக்கொண்டிருக்கலாம், அல்நார் நரம்பு உரசிக்கொண்டிருக்கலாம், முழங்கையின் பின்முனையில் எலும்பு முள் வளர்ந்திருக்கலாம், மூட்டுக்குள் எலும்புத் துண்டு உதிர்ந்து கிடக்கலாம். நீரஜ் சோப்ரா 2019ல் முழங்கை ஆபரேஷன் செய்துகொண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அது மூட்டுக்குள் கிடந்த எலும்புத் துண்டுகளை அகற்ற நடந்தது, லிகமெண்ட் கட்டுவதற்காக அல்ல. அந்த வருஷ உலக சாம்பியன்ஷிப்பைத் தவறவிட்டவர், 2021ல் டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். முழங்கை ஆபரேஷன் என்ற ஒரே பெயருக்குள் இப்படி எத்தனையோ இருக்கின்றன.

எனவே முதலில் போக வேண்டியது விளையாட்டு மருத்துவம் படித்த டாக்டரிடம். சர்ஜனாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அவர் கையைத் தொட்டுப் பார்ப்பதை நீங்களும் கவனியுங்கள். பழகியவர் என்றால் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்வார்: உங்கள் தோளை எறியும் நிலைக்குத் தூக்கி, முழங்கையை முழுக்க மடக்கி, உள்பக்கம் திறந்துகொள்ளும்படி அழுத்தம் கொடுத்துக்கொண்டே சட்டென்று நீட்டுவார். மடங்கிய கை 120 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு வரும் அந்த இடைவெளியில், எறியும்போது வலிக்கும் அதே வலி அதே இடத்தில் வந்தால், லிகமெண்ட் மேல் சந்தேகம் வலுக்கும். தோளையும் அவர் பார்க்க வேண்டும். தோள் உள்நோக்கித் திரும்ப மறுத்தால், இடுப்பும் கால்களும் பலவீனமாக இருந்தால், அந்தச் சுமை முழங்கையில்தான் வந்து விழும். முழங்கையை மட்டும் அமுக்கிப் பார்த்துவிட்டு எம்ஆர்ஐ எழுதிக்கொடுப்பவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

எம்ஆர்ஐ பற்றி ஒரு எச்சரிக்கை. பல வருஷம் எறிந்தவர்களை, வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தாலும் லிகமெண்ட் தடித்தும் மாறியும்தான் தெரியும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பகுதிக் கிழிசல்’ என்று பார்த்ததும் ஆபரேஷன் தேதி கேட்க வேண்டியதில்லை. வலி, கைச்சோதனை, படம் மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். சிறிய கிழிசல் பிடிபடாமல் போகும் என்று நினைத்தால் மூட்டுக்குள் சாயம் செலுத்தி எம்ஆர்ஐ எடுப்பார்கள். சில இடங்களில் அழுத்தம் கொடுத்தபடியே அல்ட்ராசவுண்டில் இடைவெளியை அளப்பார்கள்.

பகுதிக் கிழிசல் என்றால் பலருக்கு முதல் சிகிச்சை ஓய்வும் பயிற்சியும்தான். சில வாரம் எறிவதை அடியோடு நிறுத்தி, தசைகளைத் தேற்றி, படிப்படியாக மறுபடி எறிந்து பார்ப்பார்கள். லிகமெண்டின் மேல்முனையில் உள்ள கிழிசல் இந்த வழிக்குக் கீழ்முனைக் கிழிசலைவிட நன்றாகக் கட்டுப்படுகிறது. எந்த முனை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து பார்க்கப்போகும் சர்ஜன் கேட்கும் முதல் சில கேள்விகளில் அதுவும் ஒன்று.

படி 2: உங்கள் ஃபைலைத் தயார் செய்யுங்கள்

இது சின்ன வேலைதான், ஆனால் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. ஸ்கேன் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியோ இணைப்போ வேண்டும். நல்ல சர்ஜன் படத்தைத் தானே பார்ப்பார், ரிப்போர்ட்டை நம்பிக் கத்தியெடுக்க மாட்டார். எக்ஸ்ரேயும் இருக்கட்டும், எலும்பு முள்ளும் சுண்ணம் படிந்ததும் அதில்தான் தெளிவாகத் தெரியும். வலி எப்போது தொடங்கியது, ‘டப்’ என்று சத்தம் கேட்டதா, அதற்கு முந்தைய மாதங்களில் எவ்வளவு எறிந்தீர்கள், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகிறதா, முன்பு ஊசி ஏதாவது போட்டார்களா என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிக்கொள்ளுங்கள். பக்கவாட்டிலிருந்து எடுத்த எறியும் வீடியோ இருந்தால் எடுத்துப்போங்கள்.

படி 3: பெயர்களைச் சேகரிப்பது

இணையத்தில் ‘சிறந்த முழங்கை சர்ஜன்’ என்று தேடினால் வருவது விளம்பரம். அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

ஒன்று, எறிபவர்கள் இருக்கும் இடத்தில் விசாரிப்பது. தேசிய அளவில் ஆடும் ஈட்டி எறிபவர், சாஃப்ட்பால் அல்லது பேஸ்பால் அணியின் பிசியோ, ஹேண்ட்பால் பயிற்சியாளர் ஆகியோரைக் கேளுங்கள். ‘யாரிடம் ஆபரேஷன் செய்தீர்கள்?’ என்பதோடு நிறுத்தாமல், ‘அதற்குப் பிறகு பழைய தூரத்துக்கு எறிந்தீர்களா, எவ்வளவு காலம் ஆடினீர்கள்?’ என்றும் கேட்க வேண்டும். அணியின் பிசியோ சொல்வதற்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன். ஆபரேஷன் முடிந்து அனுப்பப்படும் கைகளை மாதக்கணக்கில் பார்ப்பவர் அவர். எந்த சர்ஜனின் கை விறைத்துப்போய் வருகிறது, யாருடைய நோயாளிக்கு விரல் மரத்துப்போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

இரண்டு, சங்கங்களின் உறுப்பினர் பட்டியல். தோள், முழங்கை சர்ஜன்களுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனிச் சங்கங்கள் உண்டு. முழங்கால், மூட்டு நுண்துளை, விளையாட்டு மருத்துவம் மூன்றையும் சேர்த்த ஐசாகோஸ் என்ற சர்வதேச சங்கமும் உண்டு. உங்கள் நாட்டிலும் இதுபோல ஒன்று இருக்கக்கூடும். பட்டியலில் பெயர் இருப்பதால் கைத்திறன் நிரூபணமாகிவிடாது. தேட வேண்டிய வட்டம் சுருங்கும், அவ்வளவுதான்.

மூன்று, பயிற்சியின் வேர். எலும்பியல் முடித்தபின் விளையாட்டு மருத்துவத்திலோ தோள்-முழங்கையிலோ கை அறுவையிலோ பெலோஷிப் என்ற மேற்பயிற்சி செய்தாரா, எங்கே செய்தார் என்று பாருங்கள். இந்த ஆபரேஷன் வளர்ந்த இடங்கள் சில உண்டு: ஜோப் இருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் கிளினிக், டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் இருந்த பர்மிங்ஹாம், துளைகளைக் குறைத்து டாக்கிங் என்ற முறையை டாக்டர் டேவிட் ஆல்ட்செக் உருவாக்கிய நியூயார்க். அங்கே பழகிவிட்டு வந்தவர் உங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கலாம். கடைசியாக, மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

மூன்று பெயர் கிடைத்தால் போதும். பத்துப் பெயரைச் சேர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

படி 4: சர்ஜனை நேரில் பார்க்கும் நாள்

இங்கேதான் பலர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரிய டாக்டரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற தயக்கம். ஆனால் அடக்கமாகக் கேட்டால் நல்ல சர்ஜன் கோபிப்பதில்லை. உரையாடல் இப்படித் தொடங்கலாம்:

“டாக்டர், இந்த ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்யுறீங்க?”

“முழங்கை லிகமெண்ட்னா ஒரு இருபது, இருபத்தஞ்சு வரும்.”

“அதுல எறியுற விளையாட்டுக்காரங்க எத்தனை பேர் இருப்பாங்க சார்? விழுந்து மூட்டு விலகி வந்தவங்களை விட்டுட்டு.”

இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடக் கூடாது. கீழே விழுந்து முழங்கை இடம்பெயர்ந்தவருக்கும் இதே லிகமெண்டைச் சரிசெய்வார்கள். அது வேறு நோயாளி, வேறு இலக்கு. அவர் வலியில்லாமல் வேலைக்குப் போனாலே வெற்றி. உங்களுக்கு வெற்றி என்பது பழைய வேகம்.

அடுத்தது, திரும்பியவர்களின் கணக்கு. இதில் சொற்களைக் கவனியுங்கள். ‘விளையாட்டுக்குத் திரும்பினார்’ என்பதும் ‘பழைய நிலைக்குத் திரும்பினார்’ என்பதும் ஒன்றல்ல. மாநில அணியில் இருந்தவர் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஆடினாலும் முதல் கணக்கில் சேர்ந்துவிடுவார். ஆண்ட்ரூஸ் குழு 2010ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், குறைந்தது இரண்டு வருஷம் பின்தொடர்ந்த 743 பேரில் 83 சதவீதத்தினர் பழைய நிலைக்கோ அதற்கு மேலோ போனார்கள். ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது, பெரும்பாலும் தானே சரியாகும் சின்னச் சிக்கல். உலகத்திலேயே இதை அதிகம் செய்த இடங்களில் ஒன்றின் கணக்கு இது. யாராவது ‘நூற்றுக்கு நூறு’ என்றால், அவர் தன் நோயாளிகளைப் பின்தொடரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அல்நார் நரம்பைப் பற்றிக் கேளுங்கள். முழங்கையில் இடித்துக்கொண்டால் சுள்ளென்று விரலுக்கு ஓடுமே, அந்த நரம்புதான். லிகமெண்டை ஒட்டியே ஓடுகிறது. ஆபரேஷனுக்குப் பின் அதிகம் வரும் சிக்கல் இதன் மரப்புதான். ஜோப் ஆரம்பத்தில் தசையைப் பிரித்தெடுத்து நரம்பை இடம் மாற்றினார். பின்னால் வந்தவர்கள் தசையை நாரின் போக்கிலேயே விலக்கிக்கொண்டு உள்ளே போகவும், தேவையில்லாவிட்டால் நரம்பைத் தொடாமல் விடவும் பழகினார்கள். ‘என் நரம்பை இடம் மாற்றுவீர்களா, ஏன்?’ என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. உங்கள் கையை வைத்து அவர் காரணம் சொல்கிறாரா என்று பாருங்கள்.

பிறகு கிராஃப்ட், அதாவது புது லிகமெண்டாக வைக்க வேறு இடத்திலிருந்து எடுக்கும் தசைநாண். வழக்கமாக எடுப்பது முன்கையில் உள்ள பால்மாரிஸ் என்ற மெல்லிய தசைநாண். அதை எடுப்பதால் கைக்குப் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. உங்களுக்கு இருக்கிறதா என்று இப்போதே பார்க்கலாம்: கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துப் பிடித்து, மணிக்கட்டை உங்களை நோக்கி மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவே ஒரு கயிறுபோல விறைத்துக்கொண்டு எழுந்தால் அதுதான். ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு இது ஒரு கையிலோ இரு கையிலோ பிறப்பிலேயே இருக்காது. இல்லாதவர்களுக்குத் தொடையின் உள்பக்கத்திலிருந்து கிராசிலிஸ் தசைநாணை எடுப்பார்கள். சர்ஜன் இந்தச் சோதனையை ஆபரேஷனுக்கு முன்பே செய்து எழுதி வைத்திருக்க வேண்டும். பால்மாரிஸ் என்று நினைத்து அதற்கு அடியில் ஓடும் மீடியன் நரம்பையே எடுத்துவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மிக மிக அரிது. ஆனாலும் ‘உங்களுக்கு பால்மாரிஸ் இருக்கிறதா என்று பார்ப்போம், கையை மடக்குங்கள்’ என்று சர்ஜனே கேட்டால் எனக்கு நிம்மதி.

இன்னும் சில கேள்விகள்: கத்தியைப் பிடிப்பவர் அவரா, பயிற்சி டாக்டரா? எலும்பு முள்ளும் இருந்தால் அதையும் சேர்த்து எடுப்பாரா, எவ்வளவு எடுப்பார்? முள்ளை அளவுக்கு மீறிச் செதுக்கினால் லிகமெண்டின் மேல் பாரம் கூடும். தொற்று, விறைப்பு, எலும்பு முறிவு என்று தன் கையில் வந்த சிக்கல்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

எழுந்து வருவதற்கு முன் ஒன்று: “என்னை மாதிரி வந்தவங்கள்ல யாருக்காவது ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லி அனுப்பியிருக்கீங்களா?” நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன். இந்த லிகமெண்ட் போனவர்கள் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. இன்னும் ஒரு சீசன்தான் ஆடப்போகிறார், அல்லது வேறு இடத்தில் ஆடலாம், அல்லது எறியும் விளையாட்டையே விடத் தயார் என்றால் அவருக்கு இது வேண்டாத ஆபரேஷன். அப்படி யாரைத் திருப்பி அனுப்பினேன் என்று இரண்டு உதாரணம் சட்டென்று சொல்லும் சர்ஜனை, செய்யலாம் என்று அவர் சொல்லும்போதும் நம்பலாம்.

விலகிப் போக வேண்டிய இடங்கள்

முதல் சந்திப்பிலேயே, கையைச் சரியாகத் தொட்டுப் பார்க்காமலே தேதி கொடுப்பவர். ஊசி, பிளாஸ்மா, ஆபரேஷன் என்று பொட்டலமாக விலை சொல்பவர். ஆபரேஷனுக்குப் பிறகு முன்பைவிட வேகமாக எறியலாம் என்று ஆசை காட்டுபவர். இந்தக் கடைசி ஆசை ஆபத்தானது, ஏனென்றால் ஏற்கெனவே ஊரெல்லாம் பரவிக் கிடக்கிறது. 2012ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களில் பாதிப்பேர், காயமே இல்லாவிட்டாலும் திறனைக் கூட்ட இந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளலாம் என்று நம்பியது தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பின் சிலர் வேகமாக எறிவது உண்மைதான். ஒரு வருஷம் முழுக்கக் கால், இடுப்பு, தோள் என்று ஒழுங்காகப் பயிற்சி செய்ததன் பலன் அது. அந்தப் பயிற்சியைக் கிழியாத கையோடும் செய்யலாம்.

படி 5: இரண்டாவது கருத்து

கட்டாயம் கேளுங்கள். இது அவசர ஆபரேஷன் அல்ல. விரல்கள் செயலிழந்தாலோ, எலும்பே பிய்ந்து வந்திருந்தாலோ தவிர, சில வாரம் தள்ளிப்போவதால் கெட்டுப்போவது குறைவு. 2023 ஜனவரியில் காயப்பட்ட குவார்ட்டர்பேக் பிராக் பர்டிக்கு, வீக்கம் வடியட்டும் என்று மார்ச் வரை காத்திருந்துதான் தைத்தார்கள். செப்டம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே ஆடினார்.

இரண்டாவது சர்ஜனிடம் முதல் சர்ஜன் சொன்ன முடிவை உடனே சொல்லிவிடாதீர்கள். ஃபைலைக் கொடுத்து, அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டுவிட்டு, பிறகு சொல்லுங்கள். இருவரும் ஒன்றையே சொன்னால் நல்லது. முரண்பட்டால், யார் சரி என்று நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டாம், எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்று கண்டுபிடித்தால் போதும். படத்தை வேறுவிதமாகப் படிக்கிறார்களா, அல்லது படம் ஒன்றுதான், உங்கள் விளையாட்டு எதிர்காலத்தைப் பற்றிய எண்ணம் வேறா? முதலாவது என்றால் மூட்டுப் படம் படிக்கும் ரேடியாலஜிஸ்ட் ஒருவரிடம் காட்டலாம். இரண்டாவது என்றால் உங்கள் எதிர்காலத்தைப் பற்றி நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 6: பிசியோவையும் அன்றே தேர்ந்தெடுங்கள்

சர்ஜன் உங்கள் கையோடு இருப்பது ஒன்றிரண்டு மணி நேரம். பிசியோ இருப்பது ஒரு வருஷம். இந்த வித்தியாசம் பலருக்கு ஆபரேஷன் முடிந்த பிறகுதான் உறைக்கிறது.

கால அட்டவணை ஏறக்குறைய இப்படிப் போகும்: முதல் வாரம் கட்டு, பிறகு ஐந்தாறு வாரம் கீல் வைத்த பிரேஸ் (கைக்கு வெளியே மாட்டும் தாங்கி), அதற்குள் மெல்ல மெல்ல முழங்கை நீளும். மூன்று நான்கு மாதம் வரை தோள், முன்கை, இடுப்பு, கால் பயிற்சி. நாலு ஐந்து மாதம் ஆனதும் மெதுவாகச் சிறு தூரத்துக்கு எறிதல், வாரத்துக்கு வாரம் தூரமும் எண்ணிக்கையும் கூடும். ஒன்பது மாதம் வாக்கில் பிட்சர், தான் நின்று எறியும் மேட்டில் ஏறுவார். போட்டி ஒரு வருஷத்துக்குப் பிறகுதான், பலருக்கு ஒன்றரை வருஷமும் ஆகும். எறியாத இடத்தில் ஆடுபவர் இதற்கு முன்பே வரலாம்: 2018 அக்டோபரில் ஆபரேஷன் ஆன, பந்தெறிவதும் பேட் பிடிப்பதுமாக இரண்டையும் செய்யும் பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓடானி, 2019 மே மாதமே பேட்டோடு வந்தார், பந்தெறிய மேடேறியது 2020ல்தான்.

ஆகவே சர்ஜனிடம் எழுத்தில் ஒரு மறுவாழ்வுத் திட்டம் கேளுங்கள். மாத வாரியாக, எறியும் அட்டவணையோடு. அதை உங்கள் பிசியோவிடம் காட்டி, அவர் இதற்கு முன் எறிபவர் யாரையாவது இந்த வழியில் நடத்தியிருக்கிறாரா என்று கேளுங்கள். சர்ஜன் தொலைவில் இருந்து, பிசியோ பக்கத்தில் இருந்தால், இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள ஒரு வழி ஆபரேஷனுக்கு முன்பே ஏற்பட்டுவிட வேண்டும். புகழ்பெற்ற கைக்காகக் கடல்கடந்து போய்விட்டு, திரும்பி வந்து எறியும் அட்டவணை என்றால் என்னவென்றே தெரியாதவரிடம் கையைக் கொடுப்பதைவிட, கொஞ்சம் குறைந்த பெயருள்ள சர்ஜனும் அவரோடு பேசும் நல்ல பிசியோவும் மேல். இது என் உறுதியான கருத்து. மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பதினெட்டு வயதுக்குள் என்றால்

அமெரிக்காவில் இந்த ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் பாதிக்கும் மேல் 15 முதல் 19 வயதுக்குள் உள்ளவர்கள் என்று காப்பீட்டுக் கணக்குகளை வைத்து நடந்த ஒரு ஆய்வு காட்டியது. பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு முழங்கையில் பலவீனமான இடம் பெரும்பாலும் லிகமெண்ட் அல்ல, எலும்பின் வளர்ச்சித் தட்டு. உள்பக்க முழங்கையில் வலி என்று வரும் 12 வயதுப் பையனுக்குப் பெரும்பாலும் தேவை ஓய்வு. அங்கே லிகமெண்ட் ஆபரேஷன் பேச்சை யாராவது எடுத்தால் குழந்தை எலும்பியல் டாக்டர் ஒருவரையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். வளர்ச்சி முடிந்த 16, 17 வயதினருக்கு விதி பெரியவர்களைப் போலத்தான். ஒரு வித்தியாசம்: டாக்டர் அறையில் பையனையோ பெண்ணையோ பேச விடுங்கள். எவ்வளவு எறிந்தோம், எப்போதிலிருந்து வலியை மறைத்தோம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அப்பா பக்கத்தில் இருந்தால் சிலர் சொல்ல மாட்டார்கள். பத்து நிமிடம் வெளியே உட்காருவது நல்லது.

படி 7: தேதி குறிக்கும் முன்

செலவைக் கேட்கும்போது ஆபரேஷன் கட்டணத்தோடு நிற்காதீர்கள். மயக்க மருந்து, எலும்பில் பொருத்தும் ஆங்கர் என்ற பிடிப்பு, நாடா, பிரேஸ், ஒரு வருஷ பிசியோ, சர்ஜன் வெளியூர் என்றால் போக்குவரத்து, எல்லாம் சேர்த்துத்தான் செலவு. காப்பீடு இருந்தால் இன்டர்னல் பிரேஸ் அதில் வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். தைக்கத் திட்டமிட்டு, திறந்தபின் புது லிகமெண்ட் கட்டும்படி ஆனால் கணக்கு எப்படி மாறும் என்பதையும்.

ஒப்புதல் படிவத்தில் எந்த முழங்கை, எங்கிருந்து கிராஃப்ட், தைப்பதா கட்டுவதா எது செய்ய அனுமதி, நரம்பை மாற்றலாமா என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆபரேஷனுக்கு முன் முழங்கை முழுக்க நீளவும் மடங்கவும் வேண்டும், வீக்கம் வடிந்திருக்க வேண்டும். புகைப்பவர் நிறுத்த வேண்டும்.

வீட்டுக்குப் போகும் நாளில் வாங்க வேண்டியது ஒரு போன் நம்பர். வரவேற்பு மேஜையின் எண் அல்ல, இரவு பத்து மணிக்கு எடுக்கும் எண். கைக்குக் கொடுத்த மரப்பு ஊசி தெளிந்தபிறகும் சுண்டுவிரல் அசையவில்லை, கட்டுக்குள் வலி மருந்துக்கும் அடங்காமல் ஏறுகிறது, விரல்கள் வெளுக்கின்றன, காய்ச்சலோடு காயம் கசிகிறது என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது, அன்றிரவே அந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், யாரும் எடுக்காவிட்டால் பக்கத்து அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.